ஆறு பத்தொன்பதுக்கு எரிந்த பச்சை லைட்

786
தில்லையடி,
2025.04.10

அன்புள்ள மர்ளியா தாத்தாவுக்கு, உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி ஷிம்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான். நீங்கள். உங்கள் வீட்டுக்காரரின் உம்மா, றுக்கியா மாமி. தையல் மெஷின் வைத்திருக்கிற ஜெசீமா. முன்வீட்டு நிஹாரா. கலியாணம் முடித்து நாலு மாதமான இனாஸ், அவளுடைய உம்மா. இந்த ஏழு பேரும் நோன்பு. எட்டாவது ஆள் அடுத்த வீட்டுச் சுஜாந்தி. அவள் வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு நோன்பில்லை. ஆனாலும் நாங்கள் நோன்பு திறக்கும் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர்கூட வாயில் வைக்காமல் எங்களோடு பாயில் இருந்தாள். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். வேறு ஒருவரும் இல்லை.

உங்கள் போனுக்குப் பதினொரு தரம் எடுத்தேன். நீங்கள் தூக்கவில்லை. வட்சப்பில் பேசி அனுப்பலாம் என்றால், நம் குடும்பத்தில் ஒரு காதுக்குப் போனது குரூப்பில் எல்லாக் காதுக்கும் போய்ச் சேரும். அதனால்தான் எழுதி, உறையை ஒட்டி, பேக்கரியிலிருந்து நுரைச்சோலைக்குப் பாண் கொண்டுபோகிற பாயிஸிடம் கொடுத்து விடுகிறேன்.

மார்ச் 20, வியாழக்கிழமை, பத்தொன்பதாவது நோன்பு. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பிழையாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

பள்ளியின் வெளி ஸ்பீக்கரைக் குறைத்த நாளிலிருந்து உப்பளப் பக்கமுள்ள எங்கள் ஒழுங்கைக்குப் பாங்கு சரியாகக் கேட்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் நான் அந்த வேலையில் இறங்கினேன். பள்ளிக் காரியாலயக் கம்ப்யூட்டரில் விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி ரேடியோ ஸ்டிக். மோதினார் பாங்கு சொல்ல எழும்பும்போது ஒரு பட்டனைத் தட்டுவார். ஸ்டிக் செய்தியை அனுப்பும், என் வீட்டு வெள்ளைப் பெட்டியில் பச்சை லைட் எரியும். பரீட்சித்துப் பார்க்க ஒரு பெட்டிதான் செய்திருந்தேன். அதனால்தான் ஒழுங்கைப் பெண்கள் என் வீட்டில் கூடினார்கள்.

அன்று அஸருக்குப் பிறகு இடி மழை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்கவில்லை. வெளியே இருட்டிக் கிடந்தது. கரண்ட் ஒரு தரம் போய் வந்தது. பெட்டியில் லைட் எரிந்தது.

சுஜாந்திதான் சொன்னாள்: “ஷிம்லாக்கா, மணி ஆறு பத்தொம்பதுதானே. உங்கட கலண்டர்ல ஆறு இருவத்தஞ்சு எண்டெல்லோ கிடக்கு?”

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகமிருக்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகமிருக்கிறது. “உனக்கென்ன புள்ள விளங்கும் எங்கட நோன்பப் பத்தி? அந்த மணிக்கூடு பிந்திப் போகுது.”

மணிக்கூடு பிந்தவில்லை. அன்று காலையில்தான் நானே அதைச் சரிபார்த்து வைத்தேன்.

உங்கள் மாமி, “பெட்டி எரிஞ்சா பள்ளி செல்ற மாதிரித்தான். பிஸ்மி செல்லித் திறங்க” என்றார். எல்லாரும் பேரீச்சம்பழத்தை எடுத்தோம்.

கஞ்சிக் கோப்பை கையில் இருக்கும்போது, ஆறு இருபத்தைந்துக்கு, பெட்டி இரண்டாம் தரம் எரிந்தது. அதுதான் பள்ளியிலிருந்து வந்தது என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கையிலிருந்த சமையல் துணியைப் பெட்டிக்கு மேல் போட்டேன். தண்ணீர் பட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே போட்டேன்.

தாத்தா, நீங்கள் அதைப் பார்த்தீர்களா? நீங்கள் அன்று சலாம் சொல்லாமல் மாமியைக் கூட்டிக்கொண்டு போனதால் கேட்கிறேன். இருபது நாளாக இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருக்கிறேன். பெருநாள் புடவையைக்கூட எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஷிம்லா


786
நுரைச்சோலை,
2025.04.17

ஷிம்லாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

பார்த்தேன். துணிக்கு அடியிலிருந்தும் பச்சை தெரிந்தது. உன் வீட்டுத் துணி அவ்வளவு மெல்லிசு.

இப்போது என்னிடம் எதற்குக் கேட்கிறாய்? இல்லை, பார்க்கவில்லை என்று நான் சொன்னால் நீ சும்மா இருந்துவிடுவாயா? நீ சும்மா இருக்கக்கூடிய ஆள் இல்லை. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, கோடு கீறி, திகதி போட்டு வைக்கிற ஆள். இதையும் எழுதி வைத்திருப்பாய்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கவனமாய் வாசி. மாமிக்குப் போன இரண்டு ரமழானும் டொக்டர் நோன்பு பிடிக்க விடவில்லை. இந்த முறை மருந்து நேரத்தை மாற்றிக் கொடுத்து, “பிடிச்சுப் பாருங்க, ஏலாட்டி விடுங்க” என்றார். மாமி இருபத்தொன்பதையும் பிடித்தார். பெருநாள் அன்று வந்த ஒவ்வொரு ஆளிடமும், “அல்லாஹ் எனக்குக் குடுத்தான், இருவத்தொம்பதும் முழுசாக் குடுத்தான்” என்று சொன்னார். பால் கொண்டுவருகிற ஆளுக்கும் சொன்னார். போன கிழமை கிளினிக்கில், இனிமேல் எந்தக் காலத்திலும் நோன்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமி அதற்குக் கவலைப்படவில்லை. “கடைசியா ஒரு நோன்பு மாசம் முழுசாக் கிடைச்சிச்சே” என்றுதான் சொல்கிறார்.

அதில் ஒன்று முழுசில்லை என்று நீ வந்து சொல்லப் போகிறாயா?

என்னைக் கேட்பதற்கு முதல் உன் பெட்டியைக் கேள், ஏன் எரிந்தது என்று. அவ்வளவு படித்து, அவ்வளவு வீடியோ பார்த்து, பள்ளித் தலைவர் வீட்டுக்கு வந்து பாராட்டிவிட்டுப் போன பெட்டி.

மர்ளியா


786
தில்லையடி,
2025.04.21

தாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தைக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன். மாமியின் விஷயத்தை வாசித்துவிட்டு மற்றதை வாசிக்க ஒரு நாள் போனது.

நீங்கள் சொன்னதுபோல் பெட்டியைக் கேட்டேன். முதல் நாளிலிருந்து என் கொப்பியை ஒவ்வொரு பக்கமாய்ப் பார்த்தேன். ஸ்டிக்கைக் குத்தினதும் மகனுடைய பழைய மடிக்கணினி, இது என்ன சாதனமென்று தெரியவில்லை என்றது. அதற்குரிய டிரைவரைத் தேடிப் போட இரண்டு நாள். ஸ்டிக்கின் ஓரத்தில் எள்ளளவு பட்டன் இருக்கிறது. அதை ஊசியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே குத்தினால்தான் அது புதுப் புரோகிராமை உள்ளே வாங்கும். அது எனக்குப் பிடிபட்டது பதினேழாவது தரம். பிறகு இரண்டு இலக்கம் கேட்கும். ஒன்று அலை இலக்கம், பூச்சியத்திலிருந்து நூற்றிருபத்தைந்து வரை. மற்றது முகவரி, பத்து இலக்கம். அனுப்புகிற ஸ்டிக்கிலும் வாங்குகிற பெட்டியிலும் இந்த இரண்டும் ஒன்றாயிருந்தால் ஒன்றின் பேச்சை மற்றது கேட்கும். இல்லாவிட்டால் பக்கத்தில் வைத்தாலும் கேட்காது. எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஆனால் பெட்டியின் புரோகிராமில் ஒரு வரியில் என் விரல் நின்றது. எந்தச் செய்தி வந்தாலும் லைட்டை எரி என்று இருக்கிறது. வந்தது பள்ளியின் செய்திதானா என்று பார்க்கிற வரி அதில் இல்லை. வீடியோவில் சொல்லித் தந்தவர், இதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நான் சேர்க்கவில்லை. அந்தக் கிழமைதான் பள்ளித் தலைவர் வந்து, “ஆம்புளயளுக்கு ஏலாத வேலய ஒரு பொம்புள செஞ்சீக்கி” என்று வாசலில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியைத் திறக்க எனக்கு நேரமிருந்தது, மனமிருக்கவில்லை. வேலை செய்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

பள்ளி மோதினாரிடம் போய்க் கேட்டேன், அன்று இரண்டு தரம் தட்டினீர்களா என்று. “ஒரு தரந்தான் மகள், பாங்கு செல்லப் போகக்குள்ள” என்றார். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை.

அப்படியென்றால் வேறு எங்கிருந்தோ, என்னுடைய அலையில், என்னுடைய முகவரிக்கு, ஏதோ ஒன்று செய்தி அனுப்பியிருக்கிறது. பாங்கு நேரமில்லாமல் பெட்டி எரிந்த நாட்களையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். மார்ச் 8 காலை 10.40. 12ஆம் திகதி பிற்பகல் 2.15. 15ஆம் திகதி இரவு 8.05. 20ஆம் திகதி மாலை 6.19. 26ஆம் திகதி காலை 11.30. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கரண்ட் போய் வந்த பிசகு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு ஏன் என்று தேடவில்லை. 20ஆம் திகதிக்கு முன்னே மூன்று தரம் எனக்குத் தெரிந்திருக்கிறது, தாத்தா. மூன்று தரம்.

எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் களப்புத் தண்ணீரோரத்தில் இருப்பது உங்கள் வீட்டுக்காரர் ஹிஸ்புல்லா மச்சானின் இறால் தொட்டிகள் மட்டும்தான். அங்கே இப்படி ரேடியோவில் வேலை செய்கிற சாமான் ஏதாவது இருக்கிறதா என்று மச்சானிடம் கேட்டுச் சொல்வீர்களா? எதற்கு என்று சொல்ல வேண்டாம்.

சுஜாந்தி அன்றைக்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. முன்பெல்லாம் வேலியால் எட்டிப் பார்த்து, என்ன சமையல் என்று கேட்பாள். இப்போது வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தால் போகிறாள்.

ஷிம்லா


நுரைச்சோலை,
2025.05.02

ஷிம்லா,

மேலே ஒன்றும் எழுதாமல் தொடங்கியிருக்கிறேன், கவனித்திருப்பாய். ஏனென்று வாசித்தால் தெரியும். சலாம்.

மச்சானிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. தொட்டியில் சாமான் இருக்கிறது. அதை வைத்தது நான்.

சிரிக்காதே. போன வருசம் பெருநாள் சாப்பாட்டில் நீ எல்லாருக்கும் முன்னால் சொன்னது ஞாபகமிருக்கிறதா? “தாத்தாக்கு ரிமோட்ல எது மேப்பக்கம் எண்டு காட்ட ஒரு ஆள் வேணும்.” எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று இரவு பாத்திரம் கழுவும்போது தீர்மானித்தேன், நீ பழகியதை நானும் பழகுவேன், ஆனால் உன்னிடம் ஒரு சொல் கேட்க மாட்டேன் என்று.

தொட்டியில் தண்ணீரை அடிக்கிற துடுப்புச் சக்கரம் நின்றால் இறால் மூச்சடைத்துச் செத்துவிடும். போன நவம்பரில் ஒரு தொட்டி அப்படியே வெள்ளையாய் மிதந்தது. காவலுக்கு இருக்கிற றஸீன் படுத்தால் எழும்பாத ஆள். அதனால் சக்கரம் நின்றால் குடிலில் அலாரம் அடிக்க வேண்டும் என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தளத்தில் அதே கடையில் அதே ஸ்டிக்கை வாங்கினேன். நீ பார்த்த அதே ஆளுடைய வீடியோவைத்தான் நானும் பார்த்தேன். தமிழில் வேறு யார் சொல்லித் தருகிறார்கள்? சக்கரத்தடியில் அனுப்புகிற சாமான், குடிலில் பழைய கம்ப்யூட்டரில் ஸ்டிக். பெப்ரவரி மாதம் முழுக்க, மாமி தூங்கினதும் இருந்து செய்தேன். ஊசி எனக்கு ஒன்பதாவது தரம் பிடிபட்டது. இதை எழுதாமல் விட முடியவில்லை.

அந்த ஆள் வீடியோவில் என்ன சொன்னார்? அலை இலக்கம் எண்பதுக்கு மேலே போடுங்கள், அப்போதுதான் வீடுகளின் வைஃபையோடு முட்டாது. முகவரிக்கு வேறு யாரும் போடமாட்டாத ஒரு இலக்கத்தைப் போடுங்கள். நான் யோசித்தேன். அலைக்குத் தொண்ணூற்றொன்பது, அல்லாஹ்வின் திருநாமங்கள். முகவரிக்கு 786, பிஸ்மியின் இலக்கம், மூன்று தரம். ஒன்பது இடம் நிரம்பியது. மிச்சமிருந்த ஒரு இடத்துக்கு ஒன்று. அவன் ஒருவன்தானே.

நீ என்ன போட்டாய் என்று நீ எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள். பள்ளிக்கூடக் கொப்பியின் முதல் பக்கத்தில் கணக்குக்கு முதல், பெயருக்கு முதல், அதைத்தானே எழுதப் பழக்கினார்கள்.

இன்னும் இருக்கிறது. நோன்பு தொடங்கினதிலிருந்து குடில் அலாரம் சக்கரம் நிற்காமலே அடித்தது. றஸீன் மச்சானிடம் ஓடி வந்து, “ஹிஸ்புல்லா நானா, இந்த மெஷினுக்கு ஈமான் ஈக்கி! அஞ்சு வக்துத் தொழுகைக்கும் எழுப்புது. சக்கரம் சுத்திக்கிட்டே ஈக்கி, மெஷின் கத்துது. வெளிய வந்தா மோதினார்ர சத்தம்!” என்றான். மச்சான் சந்தோசத்தில், “மர்ளியா 786 போட்ட பரக்கத்து” என்றார். றஸீன் அன்றிலிருந்து ஃபஜ்ரைத் தவறவிடவில்லை. நான் அதை எத்தனை பேருக்குச் சொன்னேன் தெரியுமா? மாமி அந்த மெஷினுக்காக துஆ செய்தார். உன் பள்ளி ஸ்டிக் அனுப்பியதை என் ஸ்டிக் கேட்டிருக்கிறது, என் சக்கரம் அனுப்பியதை உன் பெட்டி கேட்டிருக்கிறது. நான் அதைக் கராமத், அற்புதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிக் கொப்பியைப் பார்த்தேன். நீ எழுதிய ஐந்தில் நாலுக்குச் சக்கரம் நின்றிருக்கிறது. 26ஆம் திகதிப் பக்கத்தில் றஸீன் ஒன்றும் எழுதவில்லை. 20ஆம் திகதி மாலை, மழைக்குக் கரண்ட் போய் வந்த நேரம், நின்றிருக்கிறது.

இது வரைக்கும் எழுதியது வெட்கம்தான், ஆனால் எழுதக்கூடிய வெட்கம். இனி எழுதுவது அப்படியில்லை. அன்று நீ துணியைப் போட்டதைப் பார்த்தேன் என்று சொன்னேன். பார்த்தபோது எனக்குச் சந்தோசம் வந்தது, ஷிம்லா. உன் சாமான் பிழையாகிவிட்டது, நீயே அதை மூடி மறைக்கிறாய் என்று. வாயில் கஞ்சி, பக்கத்தில் நோயாளி மாமி, நோன்பு முறிந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம், எனக்குச் சந்தோசம். அது ஒரு நிமிசம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிசத்தை வைத்துக்கொண்டுதான் உனக்குச் சலாம் சொல்ல முடியாமல் எழும்பிப் போனேன்.

மர்ளியா


தில்லையடி,
2025.05.06

தாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சிரிக்கவில்லை. ரிமோட் கதையை நான் மறந்தே போயிருந்தேன். மறந்துபோனதுதான் அதைவிடப் பெரிய பிழை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஓம், அதே இலக்கம்தான். அதே தொண்ணூற்றொன்பது. கடைசி ஒன்றும் அதே. வேறு யாரும் போடமாட்டார்கள் என்று நினைத்தேன். இந்தப் புத்தளத்தில் அந்த இலக்கத்தைப் போடாத ஆளைத்தான் தேட வேண்டும். வேன் கண்ணாடியில், கடைப் பெயர்ப்பலகையில், படகில், எங்கும் அதுதான். முகவரி என்பது மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கு. நான் அதைப் பரக்கத்துக்கு வைத்தேன். பயபக்தியால் வைத்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். பள்ளித் தலைவருக்குக் கொப்பியைக் காட்டும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டினேன் என்பதை இப்போது யோசிக்கிறேன்.

இரண்டையும் மாற்றிவிட்டேன். பழைய பஸ் டிக்கட்டுகளை இனாஸிடம் கொடுத்து, கண்ணை மூடி எடுக்கச் சொல்லி, கடைசி இலக்கங்களைச் சேர்த்து ஒரு முகவரி. எதற்கு என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். பெட்டியிலும் அந்த விடுபட்ட வரியைச் சேர்த்துவிட்டேன். பள்ளியின் அடையாளச் சொல் வந்தால் மட்டும் எரியும். நீங்கள் உங்களுடையதை மாற்றத் தேவையில்லை. ஆனால் றஸீனுக்கு இனி ஃபஜ்ருக்கு வேறு ஆள் எழுப்ப வேண்டும்.

பெண்கள் மத்ரஸாவில் ஓதித் தருகிற ஆலிமாவிடம் போனேன். ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது என்று தொடங்கினேன். அவர் கேட்டுவிட்டு, “நேரம் வந்திட்டு எண்டு நெனச்சுத் திறந்தவங்களுக்குப் பாவமில்ல. ஆனா ஒரு நோன்பத் திரும்பப் பிடிச்சுக் களாச் செய்யணும், அடுத்த ரமழானுக்கு முந்தி” என்றார். அவர்களுக்கு அது தெரியாமலே இருந்தால் என்றேன். “தெரிஞ்ச ஆள் செல்லணும். செல்லாட்டி அவங்கட நோன்பு இந்த ஆளுட கழுத்துல” என்றார். எழும்பும்போது, “ஷிம்லா, அந்தப் பொம்புளய எனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சொல்லப் போகிறேன், தாத்தா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், ஆண்கள் இல்லாதபோது, வீடு வீடாய்ப் போய். எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னால், ஒருவர் கோபப்படும்போது இன்னொருவர் சமாதானம் சொல்வார், நான் அதற்குள் ஒளிந்துகொள்வேன். தனித்தனியாகத்தான் போக வேண்டும்.

உங்கள் தொட்டியைப் பற்றி என்ன சொல்வது? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ஷிம்லா


நுரைச்சோலை,
2025.05.08

ஷிம்லா, சலாம்.

அவசரமாய் எழுதுகிறேன், பாயிஸ் வாசலில் ஹோர்ன் அடிக்கிறார்.

என் பெயரைச் சொல். சக்கரத்தையும் சொல். நீ மட்டும் போய்த் தலை குனிந்தால் நான் எந்த முகத்தோடு அந்த ஒழுங்கைக்கு வருவது? மச்சானுக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன். பரக்கத் போனதுதான் அவருக்குக் கவலை, மற்றது விளங்க அரை மணித்தியாலம் போனது.

என் களாவை நான் திங்கள் பிடிக்கிறேன். மாமி கேட்டால் கடமையில்லாத சுன்னத்து நோன்பு என்பேன்.

மாமிக்கு மட்டும் சொல்லாதே. மற்ற ஆறு பேரும் திரும்பப் பிடிக்கலாம். அவரால் ஏலாது. பிடிக்க முடியாத ஒருவரிடம் போய், நீங்கள் பிடித்தது சேரவில்லை என்று சொல்லி என்ன கிடைக்கப் போகிறது? அவருக்காக ஏழைக்குக் கொடுக்க வேண்டிய அரிசியை நான் கொடுத்துவிடுகிறேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

மர்ளியா


தில்லையடி,
2025.05.20

தாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டு கிழமையாய் எழுதவில்லை. முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்தது.

முதலில் ஜெசீமா வீடு. மெஷினை நிற்பாட்டாமல் தைத்துக்கொண்டே கேட்டாள். துணி போட்ட இடம் வந்ததும் மெஷின் நின்றது. “அண்டக்கி நீ துணியப் போட்டுட்டு எனக்கு இன்னொரு அகப்பை கஞ்சி ஊத்தினாய். எனக்கு அது ஞாபகம் ஈக்கி. அந்தக் கையாலயா?” என்றாள். நான் ஓம் என்றேன். “போ ஷிம்லா. இண்டைக்கு ஒண்டும் கதைக்க ஏலா” என்றாள். வந்துவிட்டேன். ஆனால் திங்கட்கிழமை அவள் களாப் பிடித்தாள் என்று நிஹாரா சொன்னாள்.

நிஹாரா தன் வீட்டில் வைத்துச் சொன்னதுதான் எனக்கு ஆகக் கூட வலித்தது. “நானும் மணி பாத்தன் புள்ள. நீ அந்தப் புள்ளக்கிப் பாய்ஞ்ச பாய்ச்சல்ல வாயத் திறக்கப் பயமாப் போச்சி” என்றாள். அந்தப் பாயில் மணி பார்த்தது எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் கதைக்காதபடிக்கு நான் செய்துவிட்டேன்.

இனாஸ் சிரித்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு. “அப்ப பஸ் டிக்கட்டு இதுக்கா? நான் நெனச்சன் நீங்க லொத்தர்ச் சீட்டு எடுக்கிறீங்க எண்டு. ஷிம்லா தாத்தா லொத்தர் எடுக்கிறாவாம் எண்டு உம்மாக்கிட்டயும் சென்னன்!” அவள் உம்மா அவளை ஒரு அடி அடித்துவிட்டு, இவள் முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை கிடைத்த பிறகுதான் பிடிப்பாள் என்றார். பிறகு எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். குடிக்க முடியவில்லை.

உங்கள் பெயரையும் சக்கரத்தையும் எல்லா வீட்டிலும் சொன்னேன், நீங்கள் கேட்டபடி. ஆனால் அதைக் கடைசியில் சொன்னேன். முதலில் சொன்னால் அது காரணம் சொல்வது மாதிரி இருக்கும்.

சுஜாந்தி வீட்டுக்குப் போகத்தான் எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அவள் வெளியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். நீ சொன்னதுதான் சரி, மணிக்கூடு சரியாய்த்தான் இருந்தது, எனக்கு அது தெரிந்துதான் உன்மேல் பாய்ந்தேன் என்று. அவள் கையைக் கழுவினாள்.

“எனக்குக் கோவமில்ல அக்கா. நான் அண்டைக்கு மத்தியானமும் சாப்பிடேல்ல. உங்கள் எல்லாரோடயும் சேந்து திறப்பம் எண்டு, முழு நாளும் சும்மா இருந்து பாத்தன். சொன்னா நீங்கள் பகிடி பண்ணுவியள் எண்டு சொல்லேல்ல.”

நான் இப்போதும் அந்த இடத்திலேயே நிற்கிறேன், தாத்தா. எங்கள் நோன்பைப் பற்றி உனக்கு என்ன விளங்கும் என்று நான் கேட்டது அந்தப் பிள்ளையிடம். மீனில் ஒன்றை எடுத்துச் செதிள் வழிக்கத் தொடங்கினேன். அவள், “அக்கா, அது வழிச்ச மீன்” என்றாள்.

இனி மாமி.

நீங்கள் எழுதியதை ஆலிமாவிடம் சொன்னேன். இந்த முறை ஒரு பெண் என்று தொடங்கவில்லை. நான்தான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. மாமிக்கு இனி நோன்பு ஏலாது என்பதால் ஒரு முத்து, அதாவது இரண்டு கை நிறைய, அரிசி ஏழைக்குக் கொடுத்தால் போதும் என்றார். அதை மர்ளியா தாத்தா தெரியாமல் கொடுக்கலாமா என்று கேட்டேன். “கடமை அவங்கட. அவங்கட சொல்லோட குடுக்கணும். தெரியாமக் குடுத்தா அது உங்கட ரெண்டு பேர்ர மனச ஆத்துறதுக்குக் குடுக்கிற அரிசி” என்றார்.

போன வெள்ளிக்கிழமை மாமி பாயிஸிடம் எனக்கு முருங்கைக்காய் கொடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சொல்லும்: “ஷிம்லாக்குச் செல்லு, இருவத்தொம்பதுலயும் அவட ஊட்டுல திறந்ததுதான் எனக்கு ஆக ருசி.” பாயிஸ் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். முருங்கைக்காயை நான் இன்னும் சமைக்கவில்லை.

நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. சொன்னால் அந்தச் சந்தோசம் உடையும். அதை உடைக்கிற ஆள் நானாக இருப்பேன். ஆனால் சொல்லாமல் விட்டால், அவர் என்னைப் புகழ்கிற ஒவ்வொரு தரமும் நான் பெட்டிக்கு மேல் இன்னொரு துணி போடுகிறேன். அவர் சின்னப் பிள்ளை இல்லை. தன் நோன்பின் கணக்கை அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. கோபப்படவும் உரிமை இருக்கிறது.

நான் நுரைச்சோலைக்கு வந்து, மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, நானே சொல்ல நினைக்கிறேன். ஆனால் அது உங்கள் வீடு, உங்கள் மாமி. நீங்கள் சம்மதிக்காமல் வரமாட்டேன். வரலாமா? வந்தால், நான் சொல்லும்போது நீங்கள் அறையில் இருப்பீர்களா, வெளியில் இருப்பீர்களா? இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் தாருங்கள்.

வியாழன் காலை ஏழரைக்குப் பாயிஸ் உங்கள் வாசலுக்கு வருவார். அவரிடம் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

ஷிம்லா